ஆசானும் மாணவரும்

உடலுக்குள் நுழைந்த கிருமியை மற்ற காவல் அணுக்களுக்கு அடையாளம் காட்டுவது எது? கிளைகள் நீட்டிய ஓர் உயிரணு. நியூயார்க்கில் ரால்ஃப் ஸ்டைன்மனும் அவருடைய ஆசான் சான்வில் கோனும் சுண்டெலியின் மண்ணீரலில் கண்டு, 1973இல் அதை அறிவித்தார்கள். அறிஞர் பலர் வெகுகாலம் நம்பவில்லை. கோன் 1993இல் மறையும்வரை துணைநின்றார்.

கணையப் புற்றுநோய் வந்தபோது, தம் உடலின் அதே அணுக்களால் செய்த தடுப்பு மருந்தை ஸ்டைன்மன் தமக்கே போட்டுக்கொண்டார். 2011 செப்டம்பர் 30இல் இறந்தார். மறைவை அறியாமலே நோபல் குழு மூன்றாம் நாள் பரிசை அறிவித்தது!

அமெரிக்க நோயெதிர்ப்பியல் சங்கம் அவர் பெயரால் ஆய்வு விருது வழங்குகிறது. நல்ல வழிகாட்டிகளுக்கும் அங்கே தனி விருது உண்டு. அதைப் படித்தபோது எங்களுக்குக் கோனின் நினைவுதான் வந்தது.