ராத்திரி கபடிக்கு எந்தக் கேமரா?

கேமரா வாங்க யோசனை கேட்டு என்னிடம் வரும் தம்பிகள் எடுத்த எடுப்பிலேயே, "அண்ணே, ஃபோர்கே இருக்கா?" என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விகள்: ஆட்டம் பகலா ராத்திரியா? ராத்திரி என்றால் விளக்கு லைன் கரண்டில் எரியுமா, ஜெனரேட்டரிலா? இதற்குப் பதில் வந்துவிட்டால் கடைக்காரர் நீட்டும் பட்டியலில் முக்கால்வாசியை அங்கேயே அடித்துவிடலாம்.

நெய்வேலியில் இரண்டு விதமான விளையாட்டுகளைப் படம் பிடிக்கிறோம். டவுன்ஷிப்பில் பாரதி விளையாட்டரங்கம். பகல் வெயிலில் ஓட்டம், தாண்டுதல், பள்ளிப் போட்டிகள். டவுன்ஷிப் எல்லையைத் தாண்டினால் மந்தாரக்குப்பம், வடலூர், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடியக் கபடி. தென் மாநிலங்களுக்கு மின்சாரம் அனுப்பும் ஊர் இது. ஆனாலும் பத்து கிலோமீட்டர் தள்ளி முந்திரித் தோப்பு ஓரத்தில் நடக்கும் ஆட்டத்துக்கு வெளிச்சம் தருவது வாடகை ஜெனரேட்டர்தான். கபடிக்கென்று தனிக் கேமரா வாங்கும் வசதி எங்களில் யாருக்கும் இல்லை. காலையில் கல்யாண முகூர்த்தம் எடுத்த கேமராதான் ராத்திரி களத்துக்கும் வர வேண்டும்.

கல்யாண மண்டபத்தில் நமக்கு வேண்டிய இடத்தில் லைட்டை நாமே வைத்துக்கொள்கிறோம். களத்தில் அது நடக்காது. ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், நாலு மூலைக் கம்பத்தில் ஃபோகஸ் லைட், நடுவில் மங்கல். அதனால் பெட்டியில் எழுதியிருக்கும் கே எண்ணிக்கையை விட்டுவிட்டு, முழு ஜூமில் லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்று சொல்லும் கடைசி எஃப் எண்ணைப் பாருங்கள். சோனி இசட்90, கேனன் எக்ஸ்ஏ50, பானசோனிக் சிஎக்ஸ்350 மூன்றிலும் ஒரு அங்குல சென்சார். மூன்றின் லென்ஸும் அகலக் கோணத்தில் எஃப்/2.8, முழு ஜூமில் எஃப்/4.5. ஜூமை முழுக்க இழுத்தவுடன் உள்ளே வரும் வெளிச்சம் ஐந்தில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். கேமரா கெயினை ஏற்றும், படத்தில் புள்ளி கொதிக்கும். சிஎக்ஸ்350-இன் 20 மடங்கு ஜூம் பகலில் நீளம் தாண்டுபவரை எதிர்முனையிலிருந்து எடுக்கக் கைகொடுக்கும். ராத்திரி அந்த ஜூமை மறந்துவிட்டுக் கோட்டருகே போய் நிற்பதே நல்லது.

கல்யாண வீடியோக்காரர்கள் பலரிடம் இருக்கும் தோள் கேமரா சோனி எம்சி2500-இல் எஃப்/1.8 என்று போட்டிருக்கும். இசட்90-ஐ விட வெளிச்சம் அதிகம் வாங்கும்போலத் தோன்றும். சென்சாரோ கால் அங்குலத்தை ஒட்டிய சின்னது. லென்ஸ் எவ்வளவு திறந்தாலும் அந்தச் சின்ன சென்சார் பிடிக்கும் மொத்த வெளிச்சம் குறைவுதான். மண்டபத்துக்குப் போதும், மண் களத்துக்குப் போதாது. 

அடுத்தது ஷட்டர். பாடிப் போகிறவரின் கை நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் நகர்ந்தால், 50-இல் ஒரு நொடி ஷட்டரில் அந்தக் கை பத்து சென்டிமீட்டர் இழுபட்டுத் தெரியும். விரல் பட்டதா இல்லையா என்ற சண்டைக்கு அந்தப் படம் உதவாது. 100-இல் ஒன்று வைத்தால் இழுப்பு பாதியாகும், வெளிச்சமும் பாதியாகும். இன்னும் கூட்டி 250-இல் ஒன்று வைத்தால் வேறொரு வில்லங்கம் வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு முழு ஏற்ற இறக்கத்தை விழுங்கினால்தான் வெளிச்சம் சீராக இருக்கும். 100-இல் ஒரு நொடியில் அது சரியாக ஒரு சுற்று. 50-இல் ஒரு நொடியில் இரண்டு சுற்று. 250-இல் அரைச் சுற்றுகூட இல்லை என்பதால் படத்தில் கறுப்புப் பட்டை ஓடும். எனவே ராத்திரி விளையாட்டுக்கு நொடிக்கு 50 ஃப்ரேம், 100-இல் ஒரு நொடி ஷட்டர். வெளிநாட்டிலிருந்து வந்த கேமராவிலோ ஃபோனிலோ 60 ஃப்ரேம் மட்டும்தான் என்றாலும் பரவாயில்லை, ஷட்டரை 100-இல் ஒன்றில் பூட்டிவிட்டால் துடிப்பு அடங்கிவிடும்.

ஜெனரேட்டர் வந்தால் இந்தக் கணக்கும் ஆட்டம் காணும். பொதுவாக எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடினால்தான் 50 ஹெர்ட்ஸ். ரேடியோ செட்காரர் பாட்டைக் கூட்டினால் எஞ்சின் திணறும். 1440-க்கு இறங்கினால் 48 ஹெர்ட்ஸ். அப்போது 100-இல் ஒரு நொடியிலும் மெல்லிய அலை ஒன்று படத்தில் மேலும் கீழும் போகும். அதுவுமில்லாமல் லைன் கரண்டில் பெரிய அரங்கு என்றால் விளக்குகளை மூன்று ஃபேஸுக்கும் பிரித்திருப்பார்கள்; ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஏறி ஈடு கட்டும். சின்ன ஜெனரேட்டரில் எல்லா விளக்கும் ஒரே மூச்சில் ஏறி ஒரே மூச்சில் இறங்கும். இதற்கு மருந்து ஷட்டரைப் பொடிப்பொடியாக நகர்த்தும் வசதி. சோனியின் பெரிய மாடல்களில் ஈசிஎஸ், பானசோனிக்கில் சின்க்ரோ ஸ்கேன், கேனனின் எக்ஸ்எஃப் வரிசையில் கிளியர் ஸ்கேன் என்று பெயர். பானசோனிக்கின் பழைய டிவிஎக்ஸ்100-இலேயே இருந்த வசதி இது. கடைக்குப் போனால் மெனுவைத் திறந்து முதலில் இதைத் தேடுங்கள். இல்லாத கேமரா என்றால் அந்த மெல்லிய அலையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். 

ஆட்டம் தொடங்கும் முன்பே களத்தைச் சோதிக்கக் காசு வேண்டாம். ஃபோன் கேமராவை புரோ மோடில் போட்டு, ஷட்டரை 1000-இல் ஒன்று வைத்து, ஒவ்வொரு விளக்கையும் பாருங்கள். பட்டை தெரிகிற விளக்கு துடிக்கிற விளக்கு. மலிவான எல்இடிகள்தான் பெரும்பாலும் மாட்டும். நல்ல டிரைவர் போட்டது துடிக்காது. எந்தக் கம்பத்துக்கு முதுகு காட்டி நிற்பது என்பதை இதை வைத்தே முடிவு செய்யலாம்.

2009-இல் 'வெண்ணிலா கபடி குழு' படம் வந்த பிறகு ஸ்லோ மோஷன் கேட்காத குழுவே இல்லை. 2014-இல் புரோ கபடி தொடங்கியதும் ஆசை இன்னும் கூடிவிட்டது. தொலைக்காட்சியில் வருவது உள்ளரங்கு, ஒளிபரப்புக்கென்றே போட்ட துடிக்காத விளக்கு. நம் மண் களத்தில் ஸ்லோ மோஷன் வேண்டுமானால் நொடிக்கு 100 ஃப்ரேம் எடுக்கும் கேமரா பாருங்கள். 120 என்று விளம்பரம் செய்வது கவர்ச்சியாக இருந்தாலும் நம் விளக்கில் துடிக்கும். 100 ஃப்ரேமில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் முழுசாக ஒரு சுற்று கிடைக்கிறது.

மிரர்லெஸ் கேமராவா, கேம்கார்டரா என்று இப்போதைய பிள்ளைகள் கேட்கிறார்கள். சோனி ஏ7 த்ரீ போன்ற ஃபுல் ஃப்ரேமில் ராத்திரிப் படம் பால் போல வரும், மறுக்கவில்லை. 100 மி.மீ. லென்ஸில் எஃப்/2.8 வைத்து 12 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் தெளிவாக இருப்பது முன்னும் பின்னுமாகச் சேர்த்து இரண்டரை மீட்டர்தான். ஏழு பேர் சங்கிலி கோத்து மடக்கும் ஆட்டத்தில் ரைடர் தெளிவாகவும் பிடிக்க வருகிறவர் மசமசப்பாகவும் தெரிந்தால் என்ன பயன்? ஒரு அங்குல சென்சாரில் அதே சட்டத்தை எஃப்/3.5-இல் எடுத்தால் ஒன்பதிலிருந்து பதினெட்டு மீட்டர் வரை தெளிவு, கிட்டத்தட்ட முழுக் களமும் அடங்கும். நடுக்கோட்டில் ஃபோகஸ் வைத்து மேனுவலில் பூட்டிவிடுவேன். ஆட்டோவில் விட்டால் நடுவர் குறுக்கே போகும்போதெல்லாம் கேமரா அவரைத் தேடிக்கொண்டு ஓடும். ஏ7 த்ரீ 29 நிமிடத்தில் பதிவை நிறுத்திவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி ஆடும் ஆட்டத்தில் எந்த இடத்தில் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

இந்தப் பக்கத்துச் செம்மண் புழுதி இன்னொரு காரணம். களத்தோரம் லென்ஸ் மாற்றினால் சென்சாரில் மண். லென்ஸ் கழற்ற முடியாத கேமராவில் அந்தத் தொல்லை பெருமளவு குறையும். பகலில் பாரதி அரங்கின் வெயிலுக்கு வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் உள்ளேயே இருப்பதும் கேம்கார்டரின் பலம். ஒரு பொத்தானில் வேலை முடியும்.

யூடியூப் நேரலை செய்பவர்கள் எஸ்டிஐ இருக்கும் மாடலையே வாங்குங்கள். கேனனில் எக்ஸ்ஏ50-க்கு எச்டிஎம்ஐ மட்டும், எக்ஸ்ஏ55-க்கு எஸ்டிஐயும் உண்டு. எச்டிஎம்ஐ கேபிள் பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது. யாராவது கால் தட்டினால் கழன்றுவிடும். எஸ்டிஐ பின் திருகிப் பூட்டிக்கொள்ளும், தூரமும் போகும்.

நிற்கும் இடம் நடுக்கோட்டின் நீட்சியில், ஆள் உயரத்துக்கு மேலே. சாரமோ டிராக்டர் டிரெய்லரோ எது கிடைத்தாலும் சரி. டிரெய்லர் என்றால் அதில் வேறு யாரையும் ஏறவிடாதீர்கள். டிரைபாடில் வைத்துத் திருப்பும்போது நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெடி ஷாட்டை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பான் முடியும் இடத்தில் படம் ஒரு இழுப்பு இழுக்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கு: லென்ஸை மூடி, கெயினை 18 டெசிபெலுக்கு ஏற்றி, திரையில் நிலையாக நிற்கும் வெள்ளைப் புள்ளிகளைத் தேடுங்கள். பிறகு முழு ஜூமில் தூரத்துப் பலகை ஒன்றை ஃபோகஸ் செய்து, ஃபோகஸை மேனுவலில் பூட்டி, மெதுவாக அகலக் கோணத்துக்கு வாருங்கள். எழுத்து கலங்கினால் லென்ஸ் அடி வாங்கியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். இரண்டு கார்டு துளையிலும் பதிவு செய்து பாருங்கள். மெனுவில் ஓடிய மணிக்கணக்கு இருந்தால் அதையும் கேளுங்கள். முடிந்தால் வாங்கும் முன் ஒரு ராத்திரி வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் ஓடும் களத்திலேயே ஓட்டிப் பாருங்கள். கடை விளக்கில் எல்லாக் கேமராவும் நல்ல கேமராதான்.