மாடி கம்ப்யூட்டருக்கு நெட்: கேபிள் இழுக்காமலே

கீழே கூடத்தில் ஃபைபர் இணைப்பு இருக்கும். மாடியில் பிள்ளைகள் படிக்கிற பழைய டெஸ்க்டாப்பில் வைஃபை இருக்காது, கேபிள் செருகும் லேன் போர்ட் மட்டும்தான். கடலூர் செம்மண்டலமோ சிதம்பரமோ, வீடு எங்கிருந்தாலும் சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. வைஃபையைக் காற்றில் வாங்கிக் கேபிளில் கொடுக்கும் வயர்லெஸ் பிரிட்ஜ் போதும்.

1. கடைக்குப் போகுமுன் பரணைப் பாருங்கள். பழைய ரவுட்டரின் செட்டிங்ஸில் ‘பிரிட்ஜ்’ அல்லது ‘டபிள்யூடிஎஸ்’ இருந்தால் அதுவே போதும். ‘ஆக்சஸ் பாயின்ட்’ மட்டும் இருந்தால் உதவாது, அதற்கே கேபிள் வந்தாக வேண்டும். அப்போது லேன் போர்ட் உள்ள வைஃபை எக்ஸ்டெண்டர் வாங்கலாம்.

2. முதல் இணைப்பை மெயின் ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து முடித்துவிடுங்கள். இரண்டுக்கும் முகவரி 192.168.1.1 என்றே இருந்தால் மோதும், பழையதை 192.168.1.2 ஆக்குங்கள். அதில் டிஹெச்சிபியை அணைத்துவிடுங்கள், முகவரி வழங்கும் வேலை மெயின் ரவுட்டருக்கு மட்டும்தான். பிறகு வீட்டு வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். டபிள்யூடிஎஸ் என்றால் மெயின் ரவுட்டரின் சேனல் ‘ஆட்டோ’வில் இருக்கக் கூடாது, 1, 6, 11 இவற்றில் ஒன்றை நிலையாக வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் திடீர் திடீரென்று நெட் போகும், காரணமே புரியாது.

3. பிறகு பெட்டியை மாடிக்குக் கொண்டுபோய், கம்ப்யூட்டர் கேபிளை அதன் லேன் போர்ட்டில் செருகுங்கள், நிறம் மாறியிருக்கும் வேன் போர்ட்டில் அல்ல. மீதிப் போர்ட்டுகளில் பிரிண்டர், இன்னொரு கம்ப்யூட்டர் எல்லாம் சேர்க்கலாம்.

4. சிதம்பரத்துப் பழைய வீடுகளின் கனத்த சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் அலை எளிதில் தாண்டாது, 2.4 நல்லது. ஆனால் வாசலில் நின்றால் ரேழி, முற்றம் தாண்டிக் கொல்லை தெரிகிற அமைப்பு பெரிய வரம். அந்த நேர்கோட்டில் இரண்டு பெட்டிகளையும் வையுங்கள். இரும்பு பீரோவுக்குப் பின்னால் மட்டும் வேண்டாம்.

5. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில், வெளிச்சுவரில் தொங்கும் செம்புக் கேபிள் ஆபத்து. பக்கத்தில் இடி விழுந்தாலே இரு முனையிலும் போர்டு கருகிவிடலாம். பிரிட்ஜ் வைத்தால் நடுவில் கம்பியே இல்லை. ஆனாலும் இடி தொடங்குமுன்பே அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள்.

6. இன்வெர்ட்டரில் மாடிப் பெட்டியை மட்டும் சேர்த்துப் பயனில்லை. கீழே உள்ள ஃபைபர் பெட்டி, ரவுட்டருக்கும் கரண்ட் வேண்டும். 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயலில் கரண்ட் இல்லாமல் தவித்த ஊர் நம்முடையது, இதில் மெத்தனம் கூடாது.

7. கடலூரின் உப்புக் காற்று பின்களை அரிக்கும். ஜன்னலோரம் வைக்காதீர்கள். அவ்வப்போது கேபிளைக் கழற்றிப் பாருங்கள்; முனையில் பச்சை படிந்திருந்தால் வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போடச் சொல்லுங்கள்.