இந்த வாரப் பாடம்: சாவி யார் கையில்?

இந்த எபிசோடில் ‘சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்’ பற்றிப் பேசினோம். எந்த ஒரு பகுதி போனால் முழு சிஸ்டமும் நின்றுவிடுமோ, அதுக்குத்தான் அந்தப் பெயர். இது சர்வருக்கு மட்டும் வரும் நோய் இல்லை. மியூசியத்துக்கும் வரும்.

மைக்ரோசாஃப்டை பில் கேட்ஸோடு சேர்ந்து தொடங்கிய பால் ஆலனுக்குப் பழைய போர் விமானங்கள் என்றால் உயிர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், எவரெட் நகரில் அவற்றுக்கு ஒரு மியூசியமே வைத்திருந்தார். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், சோவியத்தின் இல்-2 எல்லாம் அங்கே இருந்தன. ஜெர்மனியின் ஃபோக்க-வுல்ஃப் 190 ஒன்று, லெனின்கிராட் பக்கத்துக் காட்டில் பல பத்தாண்டுகள் கிடந்து மீட்கப்பட்டது. அதைத் திரும்பப் பறக்கவே வைத்தார்கள். இப்படி வைத்திருக்க நிறையச் செலவாகும். உதிரிப்பாகம் கடையில் கிடைக்காது, செய்துதான் எடுக்கணும். அந்த எஞ்சின் தெரிந்த மெக்கானிக்கும் வேணும்.

சியாட்டிலில் ஆலனுக்கு இன்னொரு மியூசியமும் இருந்தது. அதில் பழைய கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. வீட்டிலிருந்தே லாகின் பண்ணிப் பார்க்கலாம்.

2018 அக்டோபரில் ஆலன் இறந்தார். 2020-இல் கோவிட் வந்தபோது இரண்டும் மூடின. அதுக்குப் பிறகு அவற்றை நடத்திய அவருடைய நிறுவனமும் அந்தப் பிரிவையே கைவிட்டது.

விமானங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. வால்மார்ட் நிறுவனரின் பேரன் ஸ்டூவர்ட் வால்டன் தொடங்கிய லாபநோக்கற்ற அமைப்பு 2022-இல் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 2023 மே மாதம் அதே எவரெட்டில் கதவு திறந்தது. கம்ப்யூட்டர் மியூசியம் திரும்ப வரவே இல்லை. 2024-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில், ஆலனும் கேட்ஸும் இளவயதில் பழகிய பிடிபி-10 ரக இயந்திரம் உட்பட பல பொருட்கள் தனித்தனியாக விலைபோயின.

கவனிங்க: விமானங்கள் தப்பியது நல்ல டிசைனால் இல்லை, வாங்க ஒருத்தர் வந்ததால். இரண்டு மியூசியத்துக்கும் பணம், ஆர்வம், முடிவு மூன்றும் ஒரே ஆளிடமிருந்தே வந்தன.

நான் கான்ட்ராக்டர். ஒரு இடத்தில் வேலை முடிந்தால் அடுத்த இடம். அதனால் எங்கே போனாலும் முதல் நாளே மூன்று கேள்வி கேட்பேன்:

1. அக்கவுன்ட் யார் பெயரில் இருக்கு?
2. அவர் இல்லாவிட்டால் வேறு யாருக்கு சாவி இருக்கு?
3. அடுத்த வருட பில்லை யார் கட்டுவார்?

வீட்டுப்பாடம்: உங்க ஊர்த் தமிழ்ப் பள்ளியின் வெப்சைட், சங்கத்தின் பழைய வீடியோக்கள், அம்மம்மா கதை சொல்லும் ஆடியோ. இதில் ஒன்றை எடுத்து, மூன்று கேள்விக்கும் பதில் எழுதுங்க. மூன்றிலும் ஒரே பெயர் வந்தால், இந்த வாரமே இரண்டாவது ஆளைச் சேர்த்துவிடுங்க.