மிளகுக்கு ஒரு வீடு

தேக்கா நிலையத்துக்கு அருகில் உள்ள ஒரு வீவக அடுக்குமாடியில் எங்கள் வீடு இருக்கிறது. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் எப்போதும் ஒரு சமூகப் பூனை படுத்திருக்கும். பள்ளிக்குச் செல்லும்போது அதைத் தடவிக் கொடுக்காமல் நான் போனதில்லை. “நாமும் ஒரு பூனை வளர்க்கலாமா?” என்று கேட்கும்போதெல்லாம் அப்பா, “வீவக வீட்டில் பூனை வளர்க்க அனுமதி இல்லை” என்பார்.

1989ஆம் ஆண்டு முதல் இருந்த அந்தத் தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீக்கப்பட்டது. வீவக வீடு ஒன்றில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்ற புதிய விதி நடப்புக்கு வந்தது. பூனைக்கு நுண்சில்லு பொருத்த வேண்டும். உரிமம் பெற வேண்டும். ஏற்கெனவே பூனை வளர்ப்பவர்கள் இவற்றைச் செய்து முடிக்க 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம் தரப்பட்டது. அப்பாவிடம் இனி அந்தப் பழைய பதில் இல்லை. “சரி, ஒரு காப்பகத்துக்குப் போய்ப் பார்ப்போம்” என்றார்.

ஒரு சனிக்கிழமை, சுங்கை தெங்கா பகுதியில் உள்ள ஒரு விலங்குக் காப்பகத்துக்குச் சென்றோம். துள்ளி விளையாடும் குட்டிகளைச் சுற்றி நிறைய பேர் நின்றார்கள். ஓர் ஓரத்தில், தனிக்கூண்டில், ஒரு கறுப்புப் பூனை அமைதியாக உட்கார்ந்திருந்தது. கூண்டில் தொங்கிய அட்டையில், ‘மிளகு. வயது 8. எஃப்ஐவி. பற்கள் இல்லை’ என்று எழுதியிருந்தது. நான் விரலை நீட்டியதும் அது எழுந்து வந்து, தன் தலையை என் கையில் முட்டியது.

“எஃப்ஐவி என்றால் என்ன?” என்று கேட்டேன்.

“பூனைகளின் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் ஒரு கிருமி. 1986இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது” என்றார் அங்கிருந்த தொண்டூழியர். “இது மனிதர்களுக்கோ நாய்களுக்கோ தொற்றாது. பெரும்பாலும் பூனைகள் சண்டையிட்டு ஆழமாகக் கடித்துக்கொள்ளும்போதுதான் பரவும். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால், நல்ல பராமரிப்பு இருந்தால் இத்தகைய பூனைகள் பல ஆண்டுகள் வாழும். ஈறுகளில் கடுமையான அழற்சி இருந்ததால் மிளகின் பற்களை அகற்ற வேண்டியதாயிற்று. இரண்டு ஆண்டுகளாக இது இங்கேதான் இருக்கிறது. அட்டையைப் படித்ததும் எல்லாரும் நகர்ந்துவிடுகிறார்கள்.”

“இதையே கொண்டுபோகலாம்!” என்றேன். தொண்டூழியர் சிரித்தார். ஆனால், உடனே தலையசைக்கவில்லை. “முதலில் வீட்டுச் சன்னல்களுக்கு வலை பொருத்துங்கள். ஒரு வாரம் எல்லாரும் கலந்து பேசுங்கள். இரக்கப்பட்டு அழைத்துச் சென்று, ஒரு மாதத்தில் திருப்பிக் கொண்டுவந்தால் பூனை மிகவும் துவண்டுபோகும்” என்றார்.

அன்றிரவு வீட்டில் பேச்சு நீண்டது. “நோயுள்ள பூனையை யாராவது தேடிப்போய்க் கொண்டு வருவார்களா?” என்று பாட்டி கேட்டார். அப்பா ஒரு தாளை எடுத்து வைத்து, வரிசையாகக் கேள்விகளை எழுதினார். மருத்துவச் செலவுக்கு மாதந்தோறும் எவ்வளவு ஒதுக்க முடியும்? தேர்வு நேரத்தில் யார் கவனிப்பது? தீபாவளிக்கு ஊருக்குப் போனால் யாரிடம் விடுவது? என்னால் எந்தக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

ஐந்தாம் நாள், பாட்டி பலதுறை மருந்தகத்திலிருந்து திரும்பி, தம் மாத்திரைப் பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். திடீரென்று, “எனக்கும் சர்க்கரை நோய் தீரப்போவதில்லை. அதற்காக என்னை யாரும் வேண்டாம் என்றீர்களா? பகலில் நான் வீட்டில்தானே இருக்கிறேன், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். காலை உணவும் மணல்தட்டைச் சுத்தம் செய்வதும் என் பொறுப்பு என்றேன். மாதந்தோறும் ஒரு தொகையை மருத்துவத்துக்கென்று எடுத்துவைக்க அம்மாவும் அப்பாவும் முடிவு செய்தார்கள். நாங்கள் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்வதாக அத்தை ஒப்புக்கொண்டார். தாளில் இருந்த கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதிய பிறகுதான் மிளகு எங்கள் வீட்டுக்கு வந்தது.

முதல் வாரம் முழுவதும் அது கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. பிறகு மெல்ல வெளியே வந்தது. அதற்கு மென்மையான ஈர உணவை மசித்துக் கொடுப்போம். சனிக்கிழமைதோறும் அதன் எடையைப் பார்த்துக் குறித்துவைப்பது என் வேலை.

ஆண்டிறுதித் தேர்வு வந்தபோது, இரண்டு சனிக்கிழமைகள் நான் எடை பார்க்கவில்லை. மிளகு வழக்கம்போல என் மேசையருகே படுத்திருந்ததால் நலமாக இருக்கிறது என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் நிறுத்துப் பார்த்தபோது, 4.2 கிலோவாக இருந்த எடை 3.8 கிலோவாகக் குறைந்திருந்தது. எனக்கு நெஞ்சு படபடத்தது. அன்றே கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். “வாயில் புண். பூனைகள் வலியை வெளியில் காட்டிக்கொள்ளா. இதற்கு எதிர்ப்பாற்றல் குறைவு என்பதால் இன்னும் தாமதித்திருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும்” என்றார் மருத்துவர்.

அப்பா என்னைத் திட்டவில்லை. கட்டணச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. பத்து நாள்கள், காலையும் மாலையும் நானே மிளகுக்கு மருந்து கொடுத்தேன். தீபாவளிக்குக் கிடைத்த அன்பளிப்புப் பணத்தையும் அதன் மருத்துவச் சேமிப்பில் சேர்த்தேன்.

மிளகின் நோய் ஒருநாளும் முழுமையாகத் தீராது. ஆனால், அது இப்போது 4.3 கிலோ இருக்கிறது. மாலையில் பாட்டி தொலைக்காட்சி பார்க்கும்போது அவர் மடியில் படுத்துக்கொள்கிறது. அன்று கூண்டருகே எனக்கு வந்த இரக்கம் ஒரு நிமிடத்தில் வந்தது. பொறுப்பு என்பது அப்படி அல்ல. ஒவ்வொரு சனிக்கிழமையும் மறக்காமல் எடை பார்ப்பதில்தான் அது இருக்கிறது.

சிந்தித்து விடை கூறுக

1. மிளகை உடனே கொடுக்காமல், ஒரு வாரம் கலந்து பேசுமாறு தொண்டூழியர் கூறியது ஏன்?

2. பாட்டியின் மனம் மாறியதற்குக் காரணம் என்ன?

3. அப்பா திட்டாமல் இருந்ததுதான் ‘அதிகம் வலித்தது’ என்று கதைசொல்லி கூறுவது ஏன்?

4. உங்கள் குடும்பம் ஒரு விலங்கைத் தத்தெடுக்க விரும்பினால், அந்தத் தாளில் வேறு எந்தக் கேள்விகளைச் சேர்ப்பீர்கள்? நண்பருடன் கலந்துரையாடுக.