மகளிர் ஆயமும் ஆடுகளமும்

பழந்தமிழ்ச் செய்யுட்களிற் பயிலும் சொற்களுள் 'ஆயம்' என்பது ஒன்று. தலைவியோடு உடன் விளையாடும் மகளிர் கூட்டத்திற்கு அது பெயர். சங்கப் பாட்டுக்களில் இளமகள் ஒருத்தி தனித்து விளையாடக் காண்பது அரிது. அவள் கடற்கரை மணலிற் சிற்றில் இழைப்பதும், வண்டற்பாவை செய்வதும், பந்து எறிவதும், கழங்கு ஆடுவதும், புதுப்புனலிற் பாய்வதும் எல்லாம் ஆயத்தோடேயாம். மகளிர் ஆட்டத்தை 'ஓரை' என்றும் வழங்கினர். பின்னர் ஒருநாள் அவ்வாட்டம் நின்றுபோகின்றது. மகள் பருவம் எய்தினாள் என்று கண்ட தாய், அவளைப் புறத்தே விடாது மனைக்கண்ணே காக்கத் தொடங்குகின்றாள். இதனை 'இற்செறிப்பு' என்பர் அகப்பொருள் உரைப்போர்.

நற்றிணை 68ஆம் பாட்டில் இச்செறிப்பைக் குறித்துத் தோழி வருந்துகின்றாள். இளையோர் ஆயத்தோடு கூடி ஓரையாடாமல் வீட்டினுள் அடைபட்டிருத்தல் அறத்தொடு பொருந்தாது, செல்வத்திற்கும் கேடு என்று தாயிடம் எடுத்துரைப்பார் ஒருவரைப் பெற்றால் நலமாகுமே என்பது அவள் ஏக்கம். அப்பாட்டின் உட்கிடை காதல் பற்றியது என்பதை யாம் மறந்திலேம். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயில்வோர் மறந்தால் ஆசிரியர் பொறார். எனினும் அவ்வேக்கம் காதலுக்கு மட்டும் உரியதன்று என்றே எமக்குத் தோன்றுகின்றது.

இன்றும் இற்செறிப்பு உண்டு, பெயரே மறைந்தது. யாம் பயின்ற பள்ளியில் ஆறாம் வகுப்பிற் கோ-கோ ஆடிய மாணாக்கியர் இருபதின்மருக்குக் குறைவிலர். ஒன்பதாம் வகுப்பை அடைந்தபோது எழுவர் எஞ்சினர். துரத்தும் அணிக்கு ஒன்பதின்மர் வேண்டும். எண்மர் வரிசையிற் குந்தியிருக்க ஒருத்தி துரத்த வேண்டும். இருவர் குறைந்தமையால் அணியே கலைந்தது. விலகியவர் ஒருபுறமிருக்க, ஆட விரும்பிய எழுவரும் அன்றோடு ஆட்டத்தை இழந்தனர். அவர்களை ஒருவரும் தடுத்திலர். ஒருவரும் போகச் சொல்லவுமில்லை.

குழு விளையாட்டின் தனித்தன்மை இதுவே. தனியே ஓட்டம் பயில்பவள் விலகினால் இழப்பு அவளுக்கே. குழுவினின்று இருவர் விலகினால் எழுவருக்கு வாயில் அடைபடும். ஆதலின் பெண்களை விளையாட்டில் நிலைபெறச் செய்ய விரும்புவோர், அணியிற் சிறந்தவள் யார் என்று பார்ப்பதை விடுத்து, எட்டாமவளையும் ஒன்பதாமவளையும் காத்தல் வேண்டும். நம் பள்ளிகளிற் பெரும்பாலும் இதற்கு மாறே நிகழ்கின்றது. பரிசு கொணர்பவளுக்குக் காலணியும் பாராட்டும் உண்டு. வரிசையில் இறுதியிற் குந்தியிருப்பவள் வாராவிடின் கேட்பார் இலர். (உடற்பயிற்சிக்குரிய பாடவேளையைக் கணக்காசிரியர் கடன் வாங்குவதும், அக்கடன் திரும்பாமையும் யாவரும் அறிந்தனவே.)

உலகச் சுகாதார நிறுவனத்தார் 146 நாடுகளின் 2016ஆம் ஆண்டுக் கணக்கைத் தொகுத்து 2019இல் வெளியிட்டனர். 11 முதல் 17 வயது வரையுள்ளாருள் போதிய உடலுழைப்பு இல்லாதவர் ஆண்களில் நூற்றுக்கு 78, பெண்களில் 85. இருபாலாரும் நாணத்தக்க கணக்கு இது. ஆயினும் பெண்களின் நிலை தாழ்ந்தே உளது. இஃது அவர்தம் இயல்பு என்று கூறி அமைவாரும் உளர். அவர்க்கு அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கணக்கைக் காட்டுவோம். அங்கு 1971-72ஆம் பள்ளியாண்டில் உயர்நிலைப்பள்ளி அணிகளில் ஆடிய பெண்கள் 3 இலட்சத்திற்கும் குறைவு. ஆண்களோ 36 இலட்சத்திற்கு மேல். அரசின் பொருளுதவி பெறும் கல்விநிலையங்களிற் பால்பற்றிய வேற்றுமை கூடாது என 1972இற் சட்டம் பிறந்தது. 2018-19இல் ஆடிய பெண்கள் ஏறத்தாழ 34 இலட்சம். ஐம்பது ஆண்டிற்குள் பெண்ணின் இயல்பு மாறிவிட்டது என எவரும் சொல்லார். நம் தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்து அணி 2018இலும் 2023இலும் தேசிய வாகை சூடியதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆட்டத்தையே மாற்றி மகளிரை அழைத்த வரலாறும் உண்டு. கூடைப்பந்து, 1891 டிசம்பரில் ஸ்பிரிங்பீல்டு நகரத்து இளைஞர் கிறிஸ்தவ சங்கப் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார் வகுத்தது. அதனை அறிந்த செண்டா பெரன்சன் என்னும் ஆசிரியை, நார்தாம்டன் நகரின் ஸ்மித் மகளிர் கல்லூரியில் அதனைத் தம் மாணாக்கியர்க்குப் பயிற்றினார். களத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொருத்தியும் தன் பகுதியை விட்டு நீங்கலாகாது, பிறர் கையிலுள்ள பந்தைப் பறிக்கலாகாது என விதித்தார். 1893 மார்ச்சில் நிகழ்ந்த முதற் போட்டியைக் காண ஆடவர்க்கு அனுமதியில்லை. அக்காலத்து மகளிர் அச்சமின்றிக் களம் புகுதற்கு இவை துணைபுரிந்தன; ஒருத்தியே ஆடிப் பிறர் பார்த்து நிற்கும் நிலையும் ஒழிந்தது. ஆனால் பயன் முடிந்த பின்னும் அக்கோடுகள் அழியவில்லை. களம் முழுதும் ஓடியாடும் ஐவர் ஆட்டம் அந்நாட்டுக் கல்லூரி மகளிர்க்கு விதியானது 1971இலேதான். அயோவா மாநிலப் பள்ளிகளிற் பிரிவுக்கோட்டுடன் அறுவர் ஆடும் ஆட்டம் 1993 வரை நின்றது. காப்பதற்கென இட்ட கோடும் நாளடைவிற் செறிப்பாகலாம் போலும்.

விலகும் காரணங்கள் பெரும்பாலும் சிறியன. சிறியன என்பதாலேயே பேசப்படாதன. மாதவிடாய்க் காலத்துக் கறையஞ்சி, 2023இல் இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்து அணியினர் தம் வெள்ளைக் காற்சட்டையை நீலநிறமாக மாற்றிக்கொண்டனர். உலகறிந்த ஆட்டக்காரியர்க்கே அவ்வச்சம் உண்டெனின், பதின்மூன்று வயதுச் சிறுமியின் நிலை என்னாகும்? "ஏன் நேற்று வரவில்லை?" என்று ஆசிரியர் பலர் முன்னிலையிற் கேட்டால் அவள் என் சொல்வாள்? அவள் உடைமாற்றத் தாழிடும் அறை ஒன்று உண்டா? ஆறு மணிக்கு முடியும் பயிற்சி ஐந்து மணிக்கே முடியின் அவள் ஊர்ப் பேருந்து கிடைக்குமா? இவற்றை வினவிய பின்னரே அவள் ஆர்வத்தைப் பற்றிப் பேசுதல் முறை.

எம் சபையின் மூத்தோர் ஒருவர், உடற்பயிற்சி சிறிதே பயன்தரும் எனப் பவுல் அடியார் தீமோத்தேயுவிற்கு எழுதியதை அடிக்கடி எடுத்துக்காட்டுவார். அதனைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டுமே கூறுவார். கிரிக்கெட் மட்டையுடன் ஓடும் தம் பேரனுக்குக் கூற யாம் கேட்டிலேம். தீமோத்தேயுவும் ஆண்மகனே என்பதை அவரிடம் சொல்ல எமக்கு இன்னும் துணிவு வரவில்லை.

நம் கல்லூரியிற் பயின்று இன்று பள்ளியாசிரியராய் விளங்கும் பழைய மாணவர் பலர் இவ்விதழைப் படிப்பர். நற்றிணைத் தோழி தேடிய அவ்வொருவர் அவருள் இருத்தல் கூடும். இரண்டு நாள் களத்திற்கு வாராத மாணாக்கியின் வீட்டிற்கு மூன்றாம் நாளே சென்று தாயைக் காண்பாராக. பத்தாம் வகுப்புத் தேர்வு முடியட்டும் என்று காத்திருத்தல் வேண்டா. அதற்குள் அணி கலைந்துவிடும். தனியே செல்லாது, அணியிலுள்ள மாணாக்கியர் இருவரை உடன்கொண்டு செல்லின் மிக நன்று. மகள் யாரோடு போவாள், யாரோடு திரும்புவாள் என்பதையே தாய் முதலிற் கேட்பாள்.