பருத்தி இயற்கை, துணி இயற்கையா?

இயற்கை வழியில் பருத்தி போடப்போறேன் என்று வருகிற நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது, "பஞ்சு யாருக்குப் போகுது?" என்பதைத்தான். விதைக்கும் முன்பே இதைக் கேட்கக் காரணம் இருக்கு. நெல்லை அரிசியாக்கி நாமே விற்றுவிடலாம். பருத்தியோ அரவை, நூற்பு, நெசவு, சாயம், தையல் என்று பல கை மாறித்தான் சட்டையாகுது. அதில் ஒரு கை தவறினாலும் நாம் மருந்தடிக்காமல் பட்ட பாடு வீண்.

நொய்யலை நினைச்சுப் பாருங்க. பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணை 1992இல் வந்தது. தேங்கியதோ திருப்பூர் சாயக்கழிவு. பருத்தியில் ரசாயனச் சாயம் ஏறுவதற்கு உப்பு நிறையப் போடணும். சாயம் துணியில் பிடிக்கும், உப்பு தண்ணீரோடு வெளியே போகும். நிறத்தை நீக்கினாலும் கரைந்த உப்பு சாதாரணச் சுத்திகரிப்பில் நீங்காது. கரையோர உழவர்களின் கிணறும் நிலமும் கெட்டது இப்படித்தான். கழிவுநீரை வெளியே விடாத நிலையை எட்டாததால், 2011 ஜனவரியில் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நம்ம இயற்கைப் பருத்தியையும் அப்படிச் சாயமேற்றிக் கழிவை ஆற்றில் விட்டால், உப்பு ஏறுவது இன்னொரு உழவர் நிலத்தில்தான்.

இழைக்கு ஏற்ற துணி

கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசலுக்கு ஏற்றது கருங்கண்ணி. மானாவாரியில் வரும், ஆணிவேர் ஆழமாகப் போகும், சாறு உறிஞ்சும் பூச்சியைத் தாங்கும். விதையை நாமே எடுத்து வைக்கலாம். ஊடே உளுந்தோ பாசிப்பயறோ போட்டால் மண்ணுக்கும் நல்லது, வீட்டுக்கும் ஆகும்.

பிறகு ஏன் ஆலைக்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள்? இழை குட்டை. பெரும்பாலும் 25 மில்லிமீட்டருக்குக் கீழேதான் இருக்கும். 40ஆம் நம்பர் போன்ற மெல்லிய நூலுக்கு நீள இழை வேணும். ஆலை எந்திரங்களும் அதற்கேற்பத்தான் அமைக்கப்பட்டிருக்கு. இதைப் பருத்தியின் குறையாகப் பார்க்கக் கூடாது. 20ஆம் நம்பரும் அதற்குக் கீழான தடித்த நூலும் இதில் நல்லா வரும். துண்டு, போர்வை, பை, கைத்தறிச் சட்டைத்துணி எல்லாம் நெய்யலாம். குஜராத்தின் கட்ச் பகுதியில் மானாவாரியில் விளையும் காலா பருத்தியும் குட்டை இழைதான். அங்கே கமீர் என்ற அமைப்பு உழவரையும் நெசவாளரையும் சேர்த்து, அந்த இழைக்கு ஏற்ற துணிகளை நெய்ய வைத்தது. துணியை முடிவு செய்துவிட்டுப் பருத்தியைத் தேடாமல், இருக்கிற பருத்திக்கு ஏற்பத் துணியை வடிவமைத்தார்கள். நமக்கும் அதுதான் வழி.

கவனிக்க வேண்டியவை

1. பனி காய்ந்த பிறகு பறியுங்க. சருகு ஒட்டாமல் பார்த்துக்குங்க.

2. உரச்சாக்கில் கட்டாதீங்க. பிளாஸ்டிக் இழை பஞ்சில் கலந்தால் சாயம் பிடிக்காது, துணியில் புள்ளியாகத் தெரியும். பருத்தித் துணிப் பைதான் சரி.

3. அரவை ஆலையில் முந்தின ஆளின் பருத்தி மிச்சம் இருக்கும். எந்திரத்தைச் சுத்தம் செய்த பிறகே நம்மதைப் போடச் சொல்லணும். இல்லாவிட்டால் பிடி பருத்தி பஞ்சிலும் கலக்கும், நம்ம விதையிலும் கலக்கும்.

4. பாவுக்கு அரிசிக் கஞ்சி போதும். தறிக்காரரிடம் முன்கூட்டியே பேசி வையுங்க.

5. சாயமே போடாத வெளிர் நிறத் துணிதான் எல்லாவற்றிலும் எளிது. நிறம் வேணும்னா அவுரி நீலம் நல்லா நிற்கும். கடுக்காய், படிகாரம் கொடுத்துப் பிற தாவரச் சாயங்களை ஏற்றலாம். மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும் என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடணும்.

ஒரு கணக்கு

100 கிலோ பருத்தியை அரைத்தால் ஏறக்குறைய 33 கிலோ பஞ்சு கிடைக்கும். கொட்டை 65 கிலோ அளவுக்கு வரும். அது விதைக்கும் மாட்டுக்கும் ஆகும். நூற்பில் கழிவு போக 28 கிலோ நூல் என்று வையுங்க. மீட்டருக்கு 175 கிராம் நூல் பிடிக்கும் துணியென்றால் 160 மீட்டர் நெய்யலாம். பருத்தியாக விற்றால் கிடைப்பதையும், அரவை, நூற்பு, நெசவுக் கூலி போகத் துணியில் நிற்பதையும் உங்கள் ஊர் விலையில் எழுதிப் பாருங்க. எந்தக் கட்டத்தில் விற்கலாம் என்பது அதில் தெரிஞ்சிடும்.

தனி ஆளின் பஞ்சை நூற்க ஆலைகள் எடுக்காது, அளவு போதாது. பத்துப் பேராவது ஒரே ரகத்தைப் போட்டு, பஞ்சைச் சேர்த்துக் கொடுக்கணும். அதனால் புரட்டாசி விதைப்புக்கு முன்பே குழுவாகக் கூடி, எந்த அரவை, எந்த நூற்பாலை, எந்தத் தறி, என்ன துணி என்று பேசி முடிச்சிடுங்க. விதை அதற்கு அப்புறம்.