நினைவிழந்த தாய்க்குப் பணிவிடையும் வாய்மைச் சீலமும்



பஞ்சசீலத்துள் நான்காவது பொய்யுரையாமை. இதனை நாடோறும் ஏற்று நடக்கும் கோலார் தங்கவயல் அன்பர் ஒருவர் நம்மிடம் ஒரு வினா விடுத்தார். அவருடைய தாயார் எண்பது வயதைக் கடந்தவர். முற்றிய மறதி நோயுற்றவர். தந்தையார் சுரங்கத் தொழிலாளியாயிருந்து மறைந்து பல்லாண்டுகள் ஆயின. சுரங்கங்களும் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. ஆயினும் அத்தாயார் மாலைதோறும் வாசற்படியில் நின்று, "சங்கு ஊதிவிட்டதே, உன் அப்பா இன்னும் வரவில்லையே" என்று தவிக்கிறார். "அப்பா இறந்துவிட்டார்" என்றால், அப்பொழுதுதான் கேட்டவர்போல் மார்பிலடித்துக்கொண்டு அழுகிறார். அரைமணியில் அதனை மறந்து மீண்டும் கேட்கிறார். "இதோ வந்துவிடுவார்" என்றால் சீலம் கெடுமே, யாது செய்வது என்பதே வினா. இதனை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

முதற்கண் நோயை அறிதல் வேண்டும். இது முதுமையின் இயல்பன்று. மூளையைப் பற்றிய வியாதி. ஜெர்மானிய டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் 1906-இல் எடுத்துரைத்த நோயே இதில் பெரும்பான்மை. நம் தேசத்தில் அறுபது வயதினருக்கு மேற்பட்டோருள் ஏறக்குறைய 88 லட்சம் பேர் மறதி நோயால் வருந்துவதாக 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிடுகிறது. பெரும்பாலும் அண்மை நினைவு முன்னே அழியும். இளமை நினைவு நெடுநாள் நிற்கும். நூற்பாலையில் இழை அறுந்தால் விரலால் பிணைத்துவிடுவோம்; இங்கோ பிணைத்தற்குப் பஞ்சே இல்லாதொழிகிறது. ஆதலின் அத்தாயாரோடு வாதிட்டுத் திருத்த முயல்வது வீண். அவர் நடிக்கவுமில்லை, பிடிவாதம் செய்யவுமில்லை. சங்கு ஊதிய அந்நாளிலேயே அவர் வாழ்கிறார்.

இனி வாய்மையைக் குறித்து ஆராய்வோம். மஜ்ஜிம நிகாயத்து அபயராஜகுமார சூத்திரத்தில் பகவன் வகுத்த நெறி யாதெனில், மெய்யல்லாததைப் பேசலாகாது; மெய்யேயாயினும் நன்மை பயவாததைப் பேச வேண்டுவதில்லை; மெய்யும் நன்மையும் ஒருங்கே உடையதையும் காலமறிந்தே பேசவேண்டும். மனத்திற் பதியாத மரணச் செய்தியை மாலைதோறும் புதிதாக அறிவிப்பதால் அத்தாய்க்கு விளையும் நன்மை யாது? அழுகை மாத்திரமே. ஆகவே அச்செய்தியைச் சொல்லாமல் விடுவது பொய்யாகாது.

"வந்துவிடுவார்" என்று சொல்லவும் வேண்டியதில்லை. அவர் கேட்பது வினாவன்று, ஏக்கம்; அதற்கு விடை கொடுக்கலாம். "அப்பாவை நினைத்துக்கொண்டாயா அம்மா? அவருக்கு எந்தக் குழம்பு பிடிக்கும்?" என்று கையைப் பற்றி உள்ளே அழைத்துவரலாம். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்திப்பொழுதில் இவர்களுக்குத் தடுமாற்றம் மிகுதலால், இருள் சூழுமுன்னரே விளக்கேற்றுவதும் உதவும். அவர் கதறும் வேளையில் பேரப்பிள்ளை யாரேனும் "வருவார் பாட்டி" என்று சொல்லிவிட்டால், அதைப் பெருங்குற்றமாக்கி வீட்டில் கலகம் விளைத்தல் வேண்டா. சீலம் நம்மைக் காக்கவே. பிறரைத் தண்டிக்க அன்று.

அச்சூத்திரத்திலேயே மற்றோர் உவமையும் உண்டு. மடியிலிருக்கும் குழந்தை கல்லையோ குச்சியையோ வாயிற் போட்டுக்கொண்டால், இரத்தம் வரினும் இரக்கத்தால் அதனை எடுப்போம் என்று இளவரசர் ஒப்புகிறார். அதுபோலத் தெருக்கதவைத் தாழிடுதலும், தீப்பெட்டியை மறைத்தலும், கேஸ் சிலிண்டரை மூடிவைத்தலும் தகும். கட்டிலோடு பிணைத்துக் கட்டுவதும், தனியே பூட்டிவிட்டு வெளியே போவதும் இவ்வுவமையில் அடங்கா.

விநய பிடகத்து மகாவக்கத்தில், பேதியால் மலத்திற் கிடந்த ஒரு பிக்குவைப் பகவன் ஆனந்தரோடு கூடித் தம் கைகளாலேயே கழுவிக் கிடத்தினார் என்று காண்கிறோம். அங்கேயே பணிவிடை செய்வோனுக்குரிய ஐந்து குணங்களும் கூறப்படுகின்றன. ஒத்ததும் ஒவ்வாததும் அறிதல் ஒன்று; மலசலத்தை அருவருக்காமை மற்றொன்று. தன் நோயை உள்ளபடி உரைக்காத நோயாளியைப் பேணுவது கடினம் என்றும் அவ்விடத்தே சொல்லப்பட்டுளது. முற்றிய மறதி நோயாளி உரைக்க விரும்பினாலும் இயலாதவர். ஆதலின் பேணுவோரே அவருக்கு நாவாதல் வேண்டும். நேற்றுவரை அமைதியாயிருந்தவர் திடீரெனக் கூச்சலிட்டால், அல்லது மயங்கிச் சோர்ந்தால், "நோய் முற்றிவிட்டது" என்று வாளாவிருத்தல் தவறு. நீர்த்தாரைக் கிருமித்தொற்று, மலச்சிக்கல், பல்வலி, நீர் குறைதல், புதிய மருந்து ஆகிய இவற்றுள் ஒன்று காரணமாகலாம். இவை பெரும்பாலும் தீர்க்கத்தக்கவை. உடனே டாக்டரிடம் காட்டுக. படுக்கையில் வீழ்ந்தவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, முதுகு, இடுப்பு, குதிகால் சிவந்துளவோ என்று பார்த்துவருக.

அருவருக்காமை என்றதும் ஆண்மக்களுக்கு ஒரு சொல். தங்கவயலிலிருந்து விடியலில் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புகிறவர்கள் தாயின் சேலையை ஒருநாளும் அலசாமல் "நாங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறோம்" என்பது வழக்கம். பார்ப்பவள் மருமகள். ஆலையில் மூன்று ஷிப்டையும் ஒரே ஆள் பார்க்கவேண்டுமென்று எந்த மேஸ்திரியும் சொல்வதில்லை. இரவு ஷிப்டை மகன் ஏற்கட்டும். வெளியூர் மகள் மாதத்தில் சில நாள் வந்து தங்கட்டும். தாயை வீடு வீடாக மாற்றுவதைவிட இது மேல். புதிய இடம் அவரை மேலும் கலங்கச் செய்யும்.

கடைசியில் விழுங்குதலும் மறக்கும். அப்பொழுது குழாய் வைக்க வேண்டுமென்று உறவினர் வற்புறுத்துவர். முற்றிய நிலையில் குழாயுணவு ஆயுளை நீட்டுவதாகவோ, உணவு நுரையீரலுக்குள் போவதைத் தடுப்பதாகவோ நிரூபிக்கப்படவில்லை. பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே மருத்துவர் பலர் மேலாகக் கொள்கின்றனர். நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாய் சற்றுத் தாழ, கெட்டியான கஞ்சியைச் சிறு கரண்டியால் கொடுக்கவேண்டும். முதல் வாய் இறங்கியதைக் கண்டபின் அடுத்தது. ஊட்டியபின் அரைமணி நேரம் படுக்கவிடலாகாது. வாய் திறக்க மறுத்தால் வலிந்து திணியாமல், சற்றுப் பொறுத்து மீண்டும் கொடுத்துப் பார்க்க.